சாவிக்காரர் வீட்டுக் குடித்தனம்

மருத்துவமனைக்கு எதிரே, பேருந்துகள் திரும்பும் முனையில், மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஓர் ஆள் கைநீட்ட முடியாத அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரத்தில் வெட்டிய பெரிய சாவி ஒன்று வாசலில் தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்து சாவி அராவிக்கொண்டிருப்பவரை எல்லோரும் சாவிக்காரர் என்பார்கள். அவர் மனைவியே அக்கம்பக்கத்தில் பேசும்போது ‘எங்க சாவிக்காரர்’ என்றுதான் சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. வங்கியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்.

சாவிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யோசனைக்கும் வருவார்கள். வாடகைக்கு விடுவதற்காக ஒரு சின்ன வீடு வாங்கிப் போடலாமா என்று நினைக்கிறவர்கள், வாங்கிவிட்டு முழிக்கிறவர்கள், அப்பன் விட்டுப்போன வீட்டை என்ன செய்வதென்று தெரியாதவர்கள். சாவிக்காரருக்கு மூன்று வீடுகள் வாடகைக்கு ஓடுகின்றன. அதிலும் அவை அரத்தால் அராவிச் சேர்த்த காசில் வந்தவை என்பதால் அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். சாவியை வெட்டி முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு சுவாரசியமாகிவிட்டால் சாவி கொஞ்சம் தாமதமாகும்.

வீடு வாங்குவதற்கு முன்னால் மழை பெய்கிற அன்றைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். வெயிலில் எல்லா வீடும் மாப்பிள்ளை மாதிரிதான் நிற்கும். நான்கு சுவரும் பழையதாக இருந்து ஒரு மூலை மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தால், அங்கே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். வாடகை வீட்டுக்கு நம் ருசிக்கு வண்ணம் அடிக்கக் கூடாது. நாமா அதில் குடியிருக்கப் போகிறோம்? வருகிற வாடகையைப் பூராவும் நம்முடையது என்று எண்ணிச் செலவு செய்யக் கூடாது. அதில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குச் சேர வேண்டியது. குழாய் கேட்கும், மோட்டார் கேட்கும், மொட்டைமாடி கேட்கும். கேட்கும்போது கையில் இல்லையென்றால் கடன்தான். வாடகையை நூறு ஏற்றப் போய் நல்ல குடித்தனக்காரரை விரட்டிவிட்டு, வீட்டை மூன்று மாதம் பூட்டி வைத்திருப்பவனைப் போன்ற முட்டாள் கிடையாது. பூட்டிக் கிடக்கிற வீடு சும்மா கிடக்காது, உட்கார்ந்து தின்னும்.

சொந்தக்காரர்களுக்கு மட்டும் வீட்டை விடவே கூடாது என்பார். வாடகையும் வராது, சொந்தமும் போய்விடும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மனைவியின் தம்பியைக் கீழ்வீட்டில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மச்சான் காலி செய்து போகும்போது மின்விசிறியையும் கழற்றிக்கொண்டு போனார். அது அக்கா வாங்கிக் கொடுத்ததாம்.

மூன்று வீடுகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கீழே இரண்டு, மேலே ஒன்று, வெளியே படிக்கட்டு. கூரை ஒழுகுகிறது என்று எல்லோரும் வாங்கப் பயந்த கட்டடம் அது. ஒழுகலுக்கு ஆகிற செலவைக் கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை விலையில் கழித்துக் கேட்டு வாங்கினார் சாவிக்காரர். ஆனால் அவரும் மனைவியும் குடியிருந்ததோ இரண்டு தெரு தள்ளி, ஒரு வாடகை வீட்டில். சொந்த வீட்டில் வருகிற வாடகை, இவர்கள் கொடுக்கிற வாடகையைவிட அதிகம். மிச்சம் வங்கிக் கடனுக்குப் போயிற்று. “மூணு வீட்டுக்கு ராணி நான். ஆணி அடிக்கணும்னா இன்னொருத்தர்கிட்ட கேக்கணும்” என்று மனைவி தையல் இயந்திரத்தை மிதித்தபடி அவ்வப்போது சொல்வார்.

அந்த வாடகை வீட்டின் சுவரில், வீட்டுக்காரரிடம் கேட்டு அடித்த ஆணிகளில், மூன்று வீடுகளின் மறுசாவிகளும் தொங்கும். குடித்தனக்காரர் பூட்டை மாற்றினாலும் கவலையில்லை. சாவிக்காரருக்குச் சாவி ஒரு மரியாதைக்குத்தான். ஒரு கம்பியும் ஒரு தகடும் போதும். இதை அவர் ஒளித்து வைத்ததே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் முன்பணம் வாங்கும்போதே பெருமையாகச் சொல்லிவிடுவார். சாவி தொலைந்தால் பயப்படவே வேண்டாம், எந்தப் பூட்டானாலும் ஒரு நிமிடத்தில் நான் திறந்துவிடுவேன், நடுராத்திரியானாலும் கூப்பிடுங்கள் என்பார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள். வருடம் ஒன்று திரும்பியதும் பலர் காலி செய்துகொண்டும் போனார்கள். அவர் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டதே இல்லை. மாற்றலாகியிருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தூரமாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

அப்படிப் போகாமல் நான்கு வருடம் நிலைத்தவர் மேல்வீட்டு நர்ஸம்மா. எதிர் மருத்துவமனையில் வேலை. தனியாள். காலை வேலை, மாலை வேலை, இரவு வேலை என்று மாறி மாறி வரும். சமையல் வாசனைகூட வெளியே வராது. கீழ்வீட்டு வேன் டிரைவரின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வந்து பார்ப்பார். வாடகையைக் கேட்டு வாங்கும் வேலையே சாவிக்காரருக்கு இருந்ததில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று அவர் மனைவியிடம் சொல்வார். யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நர்ஸம்மாவைத்தான் உதாரணம் காட்டுவார். குடித்தனக்காரர் நல்லவராக அமைவது பாதி அதிர்ஷ்டம், பாதி நாம் நடந்துகொள்கிற விதம் என்று சேர்த்துச் சொல்வார். இரண்டாவது பாதியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ஒரு நாள் பகலில் வேன் டிரைவரின் மனைவி கடைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மெத்தையெல்லாம் நனைந்துவிட்டது என்றார். சாவிக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று காலை ஏனோ அந்தப் பக்கம் பூராவும் குழாயில் தண்ணீர் வரவில்லை. நர்ஸம்மா திறந்து பார்த்துவிட்டு மூடாமல் வேலைக்குப் போயிருப்பார். இப்போது தண்ணீர் வந்திருக்கிறது. கைப்பேசியில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுசாவியை எடுக்க வீட்டுக்கு ஓட நேரமில்லை. பையிலிருந்து கம்பியை எடுத்தார், மாடியேறினார், பூட்டு திறந்தது.

சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். குழாயை மூடினார். துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளினார். தரையோரம் இருந்த அரிசி மூட்டையைத் தூக்கி மேடையில் வைத்தார். உள்கொடியில் காய்ந்த துணிகள் சரிந்து தண்ணீரில் கிடந்தன. அவற்றைப் பிழிந்து மறுபடி போட்டார். மழை வரும்போல இருந்ததால் சன்னலையும் சாத்தினார். பூட்டிவிட்டு இறங்கும்போது, இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்கு வாய்ப்பார் என்று அவருக்கே தம்மைப் பார்த்து ஒரு திருப்தி. அதை மறைக்கத் தெரிந்த முகமும் இல்லை அவருக்கு.

மறுநாள் காலை நர்ஸம்மா கடைக்கு வந்தார். வேலைக்குப் போகிற சீருடையில் இருந்தார். நேற்று வீட்டுக்குள் வந்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று சாவிக்காரர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் விவரித்தார். அரிசி மூட்டையைக் காப்பாற்றியதை இரண்டு தடவை சொன்னார். நர்ஸம்மா முழுவதையும் கேட்டார்.

“தண்ணிய நிறுத்தினது சரிதாண்ணா. துணியெல்லாம் நீங்களா எடுத்துப் போட்டீங்க?”

“ஆமாம்மா. நனைஞ்சு கிடந்துச்சு.”

“அடுத்த மாசக் கடைசியில காலி பண்ணிக்கறேன். வேற ஆள் பாத்துக்கங்க.”

குழாயைத் திறந்துவிட்டுப் போனதற்குத் தாமே மன்னிப்புக் கேட்டு, கீழ்வீட்டு மெத்தைக்கு ஆகும் செலவைத் தாமே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். சாவிக்காரர் கையில் இருந்த சாவியைப் பள்ளம் தப்பி அராவிவிட்டார். அதைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

கோபம்தான் முதலில் வந்தது. நல்லதுக்குக் காலமில்லை என்று அன்று முழுவதும் முணுமுணுத்தார். பிறகு பயம் வந்தது. சாவி வெட்டுகிறவன் தொழிலுக்குக் கைச்சுத்தம்தான் முதல். ஊர் அவனை நம்பித்தான் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போகிறது. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டைக் கம்பி போட்டுத் திறந்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கை கால் வைத்து, காது மூக்கு வைத்து அது பேருந்து ஏறிப் போய்விடும். வீடும் போகும், கடையும் போகும்.

இரவு மனைவியிடம் புலம்பினார். ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லையே, தண்ணீர் ஓடினால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டார். மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே இருந்தார்.

“நாம இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னைக்கு முதல் வேலையா என்ன பண்ணீங்க?”

அவர் யோசித்தார். பெட்டியை இறக்குவதற்கு முன்னாலேயே பூட்டை மாற்றியது நினைவுக்கு வந்தது.

“அது... அது வேற” என்றார்.

“வேறதான். நமக்குப் பூட்ட மாத்தினா போதும். அந்தப் பொண்ணு எந்தப் பூட்ட மாத்தி உங்ககிட்டேயிருந்து தப்பிக்கறது?”

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிறார்கள். இந்த வளைக்குள் தம் கை எப்போது வேண்டுமானாலும் நுழையும் என்று தாமே வாசலில் நின்று தண்டோரா போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. லேசாகத்தான். அவர் அதையும் பூட்டு விஷயமாகவே எடுத்துக்கொண்டார். பூட்டு விஷயமென்றால் அவருக்குத் தெரியாததா?

மறுநாள் அவர் செய்த காரியத்தை அந்தக் கடைத்தெரு இன்னமும் சொல்லிச் சிரிக்கிறது. சந்தைக்குள் இன்னொரு சாவிக்காரர் உண்டு. ஆள் குள்ளம், வாய் நீளம். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. யாரோ ஒரு வாடிக்கையாளரை யாரோ இழுத்துவிட்டதாகத் தகராறு. அவர் கடை வாசலில் போய் நின்று, என் வீட்டுக்குப் புதுப் பூட்டு மாற்ற வேண்டும், வா என்றார் இவர். சந்தைக்காரருக்கு முதலில் காதில் விழவில்லை போலிருந்தது. பிறகு பக்கத்துக் கடைக்காரரையெல்லாம் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். சாவிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னார்.

சந்தைக்காரர் வந்து மேல்வீட்டுக் கதவில் புதிய பூட்டைப் பொருத்தினார். அது முடியும்வரை சாவிக்காரர் படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எத்தனை சாவி இருந்ததோ அத்தனையையும் நேராக நர்ஸம்மாவின் கையில் கொடுக்கச் சொன்னார். தம் சுவரில் தொங்கிய பழைய மறுசாவியையும் கொண்டுவந்து கொடுத்தார். இனி இந்த வீட்டுக்குள் வருவதானால் முன்னாலேயே சொல்லிவிட்டு, நீங்கள் இருக்கும்போதுதான் வருவேன், வேண்டுமானால் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றார்.

நர்ஸம்மா சாவிகளை வாங்கிக்கொண்டார். அவர் முகம் இளகிற்று. ரொம்ப நன்றியண்ணா என்றார். அடுத்து வருகிறவர்களுக்கு இதையெல்லாம் முதல் நாளே செய்துவிடுங்கள் என்றும் சொன்னார். காலி செய்வதில் மாற்றமில்லை.

அந்த ஒரு மாதம் சாவிக்காரருக்கு முள்மேல் நின்ற மாதிரி போயிற்று. வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் நர்ஸம்மாவிடம் கேட்கும் முதல் கேள்வி, ஏன் காலி செய்கிறீர்கள் என்பதுதான். அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று சாவிக்காரர் படிக்கட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருக்கிறேன், நடக்க முடியவில்லை என்று சொன்னார் நர்ஸம்மா. சொன்ன இடத்திலிருந்து சன்னல் வழியாக மருத்துவமனை வாசல் தெரிந்தது. வந்தவர்களும் சன்னலைப் பார்த்தார்கள், நர்ஸம்மாவைப் பார்த்தார்கள், மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டுக்காரர் பெயரைக் காப்பாற்றுவதற்காக அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாமல் பொய் சொல்கிறார் என்பது சாவிக்காரருக்கு விளங்கிற்று. நிம்மதியாகவும் இருந்தது, கூசவும் செய்தது. இத்தனை நல்ல மனுஷி எதற்காகப் போக வேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை.

காலி செய்கிற நாள் வந்தது. காலையிலேயே சாமான் வண்டியில் ஏறிவிட்டது. கடைசியாகக் கட்டிலையும் கழற்றி இறக்கினார்கள். கூடத்துத் தரை முழுக்கப் பரப்பியிருந்த பிளாஸ்டிக் விரிப்பையும் சுருட்டிக்கொண்டு போனார்கள். முன்பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு சாவிக்காரர் மாடியேறினார். காலி செய்யும்போது வீட்டைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். சுவரில் ஆணிப் பொத்தல், கழுவுதொட்டியில் விரிசல், உடைந்த கண்ணாடி, எதுவானாலும் பேசி முன்பணத்தில் கழிப்பார். அதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது என்பது அவர் ஊருக்குச் சொல்லும் யோசனைகளில் ஒன்று.

சுவரெல்லாம் சுத்தமாக இருந்தது. குழாய், தொட்டி, விளக்கு எல்லாம் சரி. கூடத்துக்கு வந்து தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சிவப்புச் சிமெண்டுத் தரையில், உள்சுவரிலிருந்து வாசல் கதவுவரை, இரண்டு தடங்கள் ஓடின. விரல் வைத்தால் நகம் பதிகிற ஆழம். ஒரு நாள் இழுத்ததில் விழுகிற கீறல் இல்லை அது. போன இடமும் வந்த இடமும் ஒன்றாகவே தேய்ந்திருந்தது.

“ஏம்மா, தரை என்ன இப்படிக் கிடக்கு?” என்றார். குரலில் பழைய வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“கட்டில் கால்ணா. அப்புறமா விரிப்பு வாங்கிப் போட்டேன், அதுக்கப்புறம் கீறல. தரைக்கு எவ்வளவு ஆகுமோ அட்வான்ஸ்ல பிடிச்சுக்கங்க.”

“கட்டில எதுக்கு வாசலுக்கு இழுத்தீங்க? காத்துக்கா?”

நர்ஸம்மா கைப்பையின் வாரை ஒரு தடவை சரி செய்துகொண்டார்.

“கதவோட ஒட்டிப் போட்டுத்தான் படுப்பேன். எழுந்ததும் திரும்ப இழுத்துப் போட்டுடுவேன்.”

“அன்னைக்குத் தண்ணி வந்ததுலேர்ந்தா?”

“வந்த நாள்லேர்ந்துண்ணா. உள்தாழ்ப்பாள் ஒரு அட்டைய விட்டுத் தள்ளினாலே நகருது. நீங்க தெரிஞ்சுதான் அப்படிப் போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

தெரிந்துதான் போட்டிருந்தார். உள்ளே யாராவது மயங்கி விழுந்து கிடந்தால் கதவை உடைக்காமல் திறக்கலாமே என்று, தம் கடையிலிருந்தே தேடி எடுத்த தாழ்ப்பாள் அது. நல்லெண்ணத்தில்தான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தை அவர் வாயிலேயே கசந்தது. மேல்வீட்டில் ஒரு பெண் நான்கு வருடம் தமக்குப் பயந்து கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். தாமோ அவரையே உதாரணம் காட்டி, குடித்தனக்காரரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். சாவிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியாத வெட்கம்.

“இத்தனை பயத்தோட ஏம்மா நாலு வருஷம் இருந்தீங்க?”

“வேலைக்குப் பக்கம், தண்ணி வசதி. நீங்களும் எதுவும் தப்பா நடந்துக்கிட்டதில்ல. நாமதான் தேவையில்லாம பயப்படறோம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அன்னைக்கு வந்து பாத்தா, என் துணியெல்லாம் வேற கை பட்டுத் தொங்குச்சு. அதுக்கப்புறம் அப்படிச் சொல்லிக்க முடியலண்ணா.”

உறையை அப்படியே நீட்டினார். நர்ஸம்மா தரையைப் பற்றி மறுபடி ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம்மா என்றார் இவர். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல நினைத்தது, போயிட்டு வாங்க என்று வெளியே வந்தது. நர்ஸம்மா தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அன்று சாவிக்காரர் கடையைத் திறக்கவில்லை. சந்தைக்குப் போய்க் கனத்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தார். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை உட்பக்கம் பொருத்தினார். மனைவியைக் கூட்டிவந்து உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்திப் பூட்டி, தாழ்ப்பாளும் போடச் சொன்னார். வெளியே படிக்கட்டில் பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அட்டை, தகடு, வளைந்த கம்பி, நேர்க்கம்பி, இத்தனை வருடத் தொழிலில் சேர்ந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். பூட்டு கம்பி பட்ட வேகத்தில் திறந்துகொண்டது. கதவு அசையவில்லை. இன்னொரு சுற்று முயன்றார். சட்டை முழுக்க வியர்த்துவிட்டது. அசையவில்லை. அதன்பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

“என்னங்க, சத்தத்தையே காணோம்? நான் திறக்கட்டுமா?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டார்.

“நீயாத் திறந்தாத்தான் உண்டு” என்றார் சாவிக்காரர்.